விளையாட்டு மேசைக்கு ஒரு டாங்கி: பெட்டியைப் பிரிப்பது முதல் சேறு பூசுவது வரை

மாதிரி டாங்கி செய்வது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை கண்ணாடி அலமாரியில் வைக்கிற மாதிரிகளுக்கு எழுதப்பட்டவை. அந்த டாங்கியை யாரும் தொடமாட்டார்கள். பார்ப்பவர் அரையடி தூரத்தில் குனிந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்ப்பார். மினியேச்சர் போர் விளையாட்டு டாங்கியின் வாழ்க்கை வேறு. ஒரே மாலையில் அதைப் பலர் பல முறை தூக்கி வைப்பார்கள், டரட்டை (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூண்டை) திருப்புவார்கள், பகடை வந்து மோதும். பார்ப்பவர் மேசைக்கு மேலே மூன்றடி உயரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அதனால் இங்கே இரண்டே கேள்விகள்தான். கையில் எடுத்தால் உடையுமா? மூன்றடி தள்ளி நின்றால் தெரியுமா? கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் இந்த இரண்டை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன். அலமாரி மாதிரிக்காரர்கள் சிலவற்றைப் படித்து முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

எந்த அளவு, எந்தப் பொருள்

அளவைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். யாரோடு விளையாடப் போகிறீர்களோ அவர்கள் வைத்திருப்பதுதான் உங்கள் அளவு. 28 மி.மீ. உயர வீரர்களோடு ஆடும் போல்ட் ஆக்ஷன் மாதிரியான விளையாட்டுகளுக்கு 1/56 (நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு) வழக்கம்; வார்லார்ட் கேம்ஸ், ரூபிகான் நிறுவனங்களின் பெட்டிகள் இந்த அளவில் வருகின்றன. ஃபிளேம்ஸ் ஆஃப் வார் ஆடுபவர்களுக்கு 15 மி.மீ., அதாவது 1/100. ஸ்வெஸ்டாவின் எளிய சிறு டாங்கிகளும் அந்த அளவில் கிடைக்கும். பழைய 1/72, 1/76 பெட்டிகளை வைத்து ஆடுபவர்கள் உண்டு. முழுப் படைப்பிரிவையே மேசையில் இறக்க ஆசை என்றால் 1/285. டாமியாவின் புகழ்பெற்ற 1/35 பெட்டிகள் அலமாரிக்குத்தான் பொருத்தம்.

பீரங்கிக் குழாயையும் சேர்த்தால் நிஜ டைகர் டாங்கியின் நீளம் 8.45 மீட்டர். 1/56-இல் அது சுமார் 15 செ.மீ., 1/72-இல் 12 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 1/100-இல் எட்டரை, 1/285-இல் வெறும் 3 செ.மீ. எவ்வளவு நுணுக்கமாக வண்ணம் பூசலாம் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். 28 மி.மீ. வீரர்கள் கொஞ்சம் பருமனாக வார்க்கப்படுகிறார்கள், அடித்தட்டின் மேல் வேறு நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் 1/56 டாங்கி சற்றுச் சிறியதாகத் தெரியும். அதற்காகவே சிலர் 1/48 பக்கம் போகிறார்கள். எதிரெதிர் இரண்டு படைகளும் ஒரே அளவில் இருந்தால் போதும், மற்றதைக் கண் பழகிக்கொள்ளும்.

பொருள் நான்கு வகை: பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், ரெசின், வெள்ளை உலோகம், 3டி பிரிண்டரில் எடுத்தது. முதல் டாங்கிக்கு பிளாஸ்டிக்கே நல்லது. லேசானது, பசை கெட்டியாகப் பிடிக்கும், தவறாக வெட்டினாலும் சரிசெய்யலாம். ரெசின் எடையாக இருக்கும். கீழே விழுந்தால் மெல்லிய பாகங்கள் சட்டென்று உடையும்.

பசைப் புட்டியைத் திறக்கும் முன்

எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தக் களம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வகைப் பாகங்கள் இருக்கும். ஒட்டிய பிறகு ஆண்டை மாற்ற முடியாது. டைகர் டாங்கியையே எடுத்துக்கொள்வோம். 1944 பிப்ரவரி வரை செய்யப்பட்டவற்றில் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு இருந்தது, அப்புறம் எஃகு விளிம்புச் சக்கரம் வந்தது. 1943 பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை ஜெர்மன் டாங்கிகள் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே சிம்மெரிட் என்ற வரிவரியான பூச்சைப் பூசினார்கள், காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க. 1/56-இல் அதை எபாக்ஸி பட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகும் கலவையில்) கோடு கிழித்துக் காட்டலாம். 1/100-இல் அந்த வேலை வீண்.

எத்தனை டாங்கி வேண்டும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். சோவியத் டி-34 பிளாட்டூன் எனும் சிறு பிரிவில் மூன்று டாங்கிகள். அமெரிக்க ஷெர்மன் பிளாட்டூனில் ஐந்து. நார்மண்டியில் பிரிட்டிஷ் ட்ரூப்பில் (பிளாட்டூனுக்கு அவர்கள் வைத்த பெயர்) பெரும்பாலும் நான்கு, அதில் ஒன்று நீளக் குழாய் வைத்த ஃபயர்ஃபிளை. டைகர் பிளாட்டூனில் நான்கு. மூன்றோ ஐந்தோ செய்வதாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே செய்யுங்கள்: ஐந்து டாங்கிக்கும் சக்கரம், பிறகு ஐந்துக்கும் டரட், பிறகு ஐந்துக்கும் பிரைமர் எனும் அடிப்பூச்சு. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் இரண்டின் பச்சையும் ஒத்துப்போகாது. ஆனால் ஐந்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம், சலித்துவிடும்.

முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை டி-34. பாகங்கள் குறைவு, சக்கரம் பெரிது, ஒரே பச்சை நிறம், எவ்வளவு சேறு பூசினாலும் பொருந்தும். டைகரில் தொடங்கத்தான் எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று மேவி நிற்கும் அதன் சக்கர வரிசையில் பொறுமை முழுக்கக் கரைந்துவிடும்.

கருவிகள்

தட்டையான வாயுள்ள ஸ்ப்ரூ கட்டர் (ஸ்ப்ரூ என்பது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்), கூர்முனைக் கத்தி, மெல்லிய அரம், 400 முதல் 1000 வரை எண்ணுள்ள உப்புத்தாள், சாமணம், கையால் சுழற்றும் சிறு துளைக்கருவி, ரப்பர் பேண்ட், துணி கிளிப். பசையில் இரண்டு: பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமென்ட், மற்றவற்றுக்கு சூப்பர் குளூ. தூரிகைகளில் நல்ல நுனியுள்ளவை இரண்டு, தட்டையானது ஒன்று, தேய்ந்துபோன பழையவை சில. பழையவற்றை எறியாதீர்கள், டிரை பிரஷுக்கு (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடுவதற்கு) அவைதான் வேண்டும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாமலும் அழகான படை செய்யலாம்.

வெட்டுவதும் சீவுவதும்

பாகங்கள் முழுவதையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு ரெசினில் நிறையவே ஒட்டியிருக்கும், அதன் மேல் வண்ணம் நிற்காது. பீரங்கிக் குழாய் வளைந்திருந்தால் சூடான தண்ணீரில் சில நொடி வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது உப்புத்தாளை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து வெட்டும்போது முதல் வெட்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள், இரண்டாவது வெட்டு ஒட்டி. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும். எல்லாக் கோட்டையும் எடுக்க வேண்டியதில்லை. குழாய், டரட்டின் மேற்பரப்பு, முன் தகடு ஆகிய மூன்றிலும் சுத்தமாக எடுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் யார் கண்ணிலும் படப்போவதில்லை.

ஒட்டுதல்

பிளாஸ்டிக் சிமென்ட் சாதாரணப் பசை போல் இடையில் நின்று பிடிப்பதில்லை. அது பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. ஆகவே பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த சிமென்ட்டைத் தூரிகையால் இணைப்பின் ஓரத்தில் தொட்டுவிடுங்கள். இடுக்கு தானாக அதை உறிஞ்சிக்கொள்ளும். விரல் அந்த இணைப்பின் மேல் இருக்கக் கூடாது, ரேகை பதிந்துவிடும். அழுத்தும்போது ஓரத்தில் மெல்லிய பிதுக்கம் வந்தால் நல்ல அடையாளம். ஒரு நாள் கழித்து அதைத் தேய்த்தால் இணைப்பே தெரியாது.

முதலில் அடிப்பெட்டி. நான்கு பக்கமும் ஒட்டியவுடன் கண்ணாடி மாதிரி சமதளமான பரப்பில் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அடிப்பெட்டி முறுக்கிக்கொண்டால் டாங்கி ஒரு மூலை தூக்கியே நிற்கும், பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. பெட்டி மூடும் முன் உள்ளே இரண்டு இரும்பு நட்டுகளை ஒட்டுங்கள். எடை கூடினால் டாங்கி மேசையில் உட்காரும் விதமே வேறு, சட்டை கை பட்டாலும் நகராது.

சக்கரங்களைச் சிமென்ட் முழுதும் இறுகும் முன் ஒரு நேர்கோலை வைத்து வரிசை பாருங்கள். டிராக் எனும் சங்கிலிப்பட்டை மூன்று விதமாக வரும்: ஒரே துண்டாக வார்த்தது, துண்டுதுண்டாகச் சேர்ப்பது, வளையும் வினைல் பட்டை. விளையாட்டுக்கு ஒரே துண்டுதான் சிறந்தது. வினைல் பட்டைகள் பலவற்றில் சிமென்ட் பிடிக்காது, சூப்பர் குளூ போட வேண்டும். விறைத்து நிற்கும் பட்டையை மேல் சக்கரங்களோடு சேர்த்து ஒட்டினால்தான் நிஜ டாங்கியின் தொய்வு வரும். டிராக்கின் திசையைப் பெட்டியில் வரும் செய்முறைத் தாளில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

குழாய்தான் முதலில் உடையும் பாகம். பிளாஸ்டிக்கில் நன்றாகச் சிமென்ட் வைத்தால் தாங்கும். ரெசினோ உலோகமோ என்றால், இரண்டு பக்கமும் துளையிட்டு ஒரு பித்தளைக் கம்பித் துண்டை உள்ளே செருகி சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். வாய்ப்பகுதியில் துளை இல்லையென்றால், கத்தி முனையால் நடுவைக் குறித்துக்கொண்டு பெரிய அளவுகளில் ஒரு மி.மீ. துளைக்கருவியால் மெதுவாகத் துளையிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். மூடிய குழாய் தூரத்திலிருந்து குச்சி மாதிரித்தான் தெரியும்.

டரட்டை ஒட்டக் கூடாது, கழன்று விழவும் கூடாது. வழி: காந்தம். 5 மி.மீ. விட்டமுள்ள சிறு நியோடிமியம் காந்தங்கள் இரண்டு, ஒன்று டரட்டுக்குள், ஒன்று உடலுக்குள். ஒட்டும் முன் எந்த முகம் எதை இழுக்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். படை முழுவதிலும் ஒரே திசையில் வையுங்கள், டரட்டுகளை மாற்றிப் போட முடியும். காந்தத்தை பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது, சூப்பர் குளூ அல்லது எபாக்ஸி.

இழுவைக் கொக்கி, விளக்குக் காப்பு, ஏணிக் கம்பி போன்ற ஊசிமுனைப் பாகங்களில் எது கையில் இடிக்குமோ அதை விட்டுவிடலாம், அல்லது தடித்த பிளாஸ்டிக் குச்சியால் மாற்றலாம். ஆன்டெனாவுக்கு எஃகுக் கம்பி வேண்டாம். மேசை மேல் குனிகிறவரின் கண்ணுக்கு ஆபத்து. பழைய பிரஷின் நைலான் இழை வளைந்து நிமிரும், யாரையும் குத்தாது.

பெட்டியில் வராத ஒரு சேர்க்கைக்கு மட்டும் நேரம் செலவிடச் சொல்வேன்: டாங்கிக்காரர்களின் மூட்டை முடிச்சுகள். நிஜப் படங்களில் ஷெர்மன் மேல் தார்ப்பாய், பெட்டி, வாளி, உபரி டிராக் கண்ணிகள் என்று ஒரு குடும்பமே ஏறியிருக்கும். டி-34 பின்னால் எண்ணெய் பீப்பாயும் மரக்கட்டையும் இருக்கும். எபாக்ஸி பட்டியை உருட்டி, பல்குத்தும் குச்சியால் மடிப்பு விட்டால் சுருட்டிய தார்ப்பாய். ஐந்து டாங்கிக்கும் வேறு வேறு மூட்டை வைத்தால் மேசையில் எது எது என்று உடனே தெரியும், அசிங்கமான இணைப்பு இருந்தால் அதையும் மறைக்கும். டரட் சுழலும் வட்டத்துக்குள் மட்டும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேல் மூடியைத் திறந்து வைத்து ஒரு கமாண்டரை நிறுத்துங்கள். மேலிருந்து பார்ப்பவரின் கண் முதலில் போவது அந்தச் சின்ன முகத்துக்குத்தான்.

பிரைமர்

ஒட்டி முடித்ததும் ஒரு நாள் விடுங்கள். பிரைமர் ஸ்பிரேயை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, டாங்கிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி வீசி அடியுங்கள். ஒரே இடத்தில் நின்று அடித்தால் வழியும். மெல்லிய இரண்டு பூச்சு. டாங்கியைத் தலைகீழாக வைத்து அடியிலும் சக்கர இடுக்கிலும் முதலில் அடித்துவிட்டு, அப்புறம் மேலே. ஈரப்பதம் அதிகமுள்ள நாளிலும் வெயில் சுடும் இடத்திலும் ஸ்பிரே வேண்டாம், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

கறுப்பு பிரைமர் அடித்து, மேலிருந்து மட்டும் வெள்ளையையோ வெளிர் சாம்பலையோ தூவிவிட்டால், வெளிச்சம் விழும் இடமும் நிழலும் தானே அமைந்துவிடும். அதன் மேல் மெல்லிய நிறப்பூச்சு போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேலிருந்தே பார்க்கப்படும் விளையாட்டு டாங்கிக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இல்லை.

அடிப்படை நிறம்

ஜெர்மன் டாங்கிகள் 1943 பிப்ரவரி வரை ஐரோப்பாவில் அடர்சாம்பல், ஜெர்மன் வண்ண வரிசையில் ஆர்ஏஎல் 7021. அதற்குப் பிறகு அடர்மஞ்சள், டுங்கெல்கெல்ப். அதன் மேல் பூச ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிக் குழம்பாகப் படைப்பிரிவுகளுக்குக் கொடுக்கப்பட்டன. தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அவரவர் கையால் அடித்தார்கள். எனவே “சரியான” கோலம் என்று ஒன்று இல்லை, உங்கள் கை நடுங்கினாலும் வரலாறு குறுக்கே வராது. அமெரிக்கர்களுக்கு ஆலிவ் டிராப். சோவியத்துக்கு 4பிஓ பச்சை. பிரிட்டிஷாருக்கு 1942-இலிருந்து எஸ்சிசி 2 பழுப்பு, 1944-இலிருந்து எஸ்சிசி 15 ஆலிவ்.

புட்டியில் அந்தப் பெயர் எழுதியிருப்பதை அப்படியே பூசாதீர்கள். பெரிய பரப்பில் சரியாகத் தெரிகிற நிறம் பத்து செ.மீ. பொருளில் இருண்டு தெரியும். அதற்கு மேல் வாஷும் (நிழல் காட்டப் பூசும் நீர்த்த நிறமும்) சேறும் வந்து இன்னும் இருட்டாக்கும். கடைசியில் எப்படித் தெரிய வேண்டுமோ அதைவிட ஒரு படி வெளிர் நிறத்தில் தொடங்குங்கள். ஆலிவ் டிராப்பில் இதைச் செய்யாவிட்டால் மேசையில் ஒரு கறுப்புக் கட்டிதான் நிற்கும். வெளிராக்க வெள்ளையைவிடப் பஃப் எனும் வெளிர்மஞ்சள் பழுப்பு அல்லது மணல் நிறம் நல்லது. வெள்ளை கலந்தால் பச்சை சுண்ணாம்புத்தனமாகிவிடும்.

ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், வண்ணம் பால் பதத்தில். முதல் பூச்சுக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் வெளிராக்கி டரட்டின் மேல்தளம், என்ஜின் மூடி, தகடுகளின் நடுப்பகுதி ஆகியவற்றில் மட்டும் லேசாகத் தூவுங்கள். தூரிகை என்றால் தட்டைத் தூரிகையால் நீர்த்த பூச்சு இரண்டு அல்லது மூன்று, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக இருப்பதைக் கண்டு பயந்து கெட்டியாக அப்பிவிடாதீர்கள்.

உருமறைப்புக் கோலத்துக்கு ஏர்பிரஷ்காரர்கள் ப்ளூ-டாக் எனும் ஒட்டும் களிமண்ணைப் பாம்பு மாதிரி உருட்டி ஓரமாக வைத்துத் தூவினால் மென்மையான ஓரம் கிடைக்கும். தூரிகைக்காரர்கள் வண்ணத்தை நீர்க்க வைத்து, திட்டின் ஓரத்தைப் பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுக்கலாம். பட்டைகளை டரட்டிலிருந்து உடலுக்குத் தொடர்ந்து கொண்டுவாருங்கள்.

குறிகளும் எண்களும்

டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டும் முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, ஓரம் வெள்ளியாக மின்னும். டெக்காலைத் தண்ணீரில் சில நொடி நனைத்து வெளியே வைத்தால் ஒரு நிமிடத்தில் நழுவ ஆரம்பிக்கும். பரப்பில் மைக்ரோ செட் எனும் திரவத்தைத் தடவி, டெக்காலை நகர்த்தி வைத்து, ஈரத்தை ஒற்றி, மேலே டெக்காலை இளக்கும் மைக்ரோ சால். அது சுருங்கி அலங்கோலமாகத் தெரியும். தொடாமல் விடுங்கள், காயும்போது தானாகப் படிந்துகொள்ளும்.

ஜெர்மன் டரட் எண் மூன்று இலக்கம்: கம்பெனி, பிளாட்டூன், வண்டி. 231 என்றால் இரண்டாம் கம்பெனி, மூன்றாம் பிளாட்டூன், முதல் வண்டி. மூன்று டாங்கிகளுக்கு 231, 232, 233 என்று போட்டால் விளையாட்டிலும் பயன். ஷெர்மனின் பெரிய வெள்ளை நட்சத்திரம் எதிரிக்குக் குறி பார்க்க வசதியாக இருந்ததால் பல குழுவினர் அதைச் சேறு பூசியோ வண்ணம் அடித்தோ மறைத்தார்கள். டெக்கால் கோணலாகிவிட்டால் நீங்களும் அதையே செய்யலாம்.

வாஷ், டிரை பிரஷ், தேய்மானம்

வாஷ் என்பது நீர்த்த அடர்நிறம். தகடுகளின் இடுக்கிலும் திருகாணியைச் சுற்றியும் தங்கி நிழல் காட்டும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் அடர்பழுப்பு, சாம்பலுக்குக் கறுப்பும் பழுப்பும் கலந்தது. எனாமல் வாஷ் என்றால் இடுக்குகளில் மட்டும் நுனித் தூரிகையால் தொட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து ஒயிட் ஸ்பிரிட் நனைத்த தூரிகையால் மிச்சத்தைத் துடையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். அக்ரிலிக் வாஷ் விரைவில் காயும், மணமும் இல்லை. ஆனால் தட்டையான பரப்பில் தேங்கினால் திட்டுவிழும். தேங்குவதை உடனே உலர்ந்த தூரிகையால் உறிஞ்சி எடுங்கள்.

வாஷ் நன்கு காய்ந்த பிறகு டிரை பிரஷ். அடிப்படை நிறத்தோடு பஃப் கலந்து, பழைய தூரிகையில் எடுத்து, காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டு, விளிம்புகளில் மேலிருந்து கீழாக வருடுங்கள். அலமாரிக்காரர்கள் இதைப் பழங்கால முறை என்பார்கள். மூன்றடியிலிருந்து பார்த்தால் விளிம்பைத் தெளிவாகக் காட்ட இதற்கு இணையே இல்லை.

வண்ணம் உதிர்ந்த கீறல்களுக்குப் பெட்டியில் வந்த நுரைப்பஞ்சைக் கிள்ளி, அடர்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு, ஏறி இறங்கும் இடங்களில் மட்டும் லேசாக ஒற்றுங்கள்: மூடியின் ஓரம், மட்கார்டு முனை, என்ஜின் மேல்தளம். வயேஹோ வண்ண நிறுவனத்தின் 822-ஆம் எண் பழுப்பு இதற்குக் கச்சிதம். வெள்ளி நிறம் வேண்டாம், தூரத்தில் அது தகரப் பொம்மையாக்கிவிடும். முழுக்கத் துருவேற்றவும் வேண்டாம். போரில் பல டாங்கிகள் துருப்பிடிக்கும் வரை உயிரோடு இருந்ததில்லை. துரு தங்குவது புகைபோக்கியிலும் டிராக்கிலும்தான்.

பனிக்கால வெள்ளையைக் காட்ட ஹேர்ஸ்பிரே உத்தி இருக்கிறது. அடிப்படை நிறத்தை வார்னிஷ் போட்டுப் பாதுகாத்து, ஹேர்ஸ்பிரே அடித்துக் காயவிட்டு, மேலே அக்ரிலிக் வெள்ளையை மெல்லியதாகப் பூசுங்கள். கொஞ்ச நேரத்தில் ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியிலுள்ள ஹேர்ஸ்பிரே கரைந்து வெள்ளை திட்டுத்திட்டாக உதிரும். போர்க்களத்தில் அவசரமாக அடித்த சுண்ணாம்பு மழையிலும் உராய்விலும் இப்படித்தான் தேய்ந்தது.

சக்கரமும் டிராக்கும்

டிராக்கைக் கறுப்பும் பழுப்பும் கலந்த நிறத்தில் பூசி, துருநிற வாஷ் கொடுத்து, தரையில் உரசும் மேடுகளில் மட்டும் உலோக நிறத்தையோ பென்சில் கரியையோ தேய்த்தால் ஆயிற்று. ஆனால் பல ஷெர்மன்களின் டிராக் கட்டைகள் ரப்பர். ரப்பர் உரசினால் மின்னாது. அங்கே அடர்சாம்பலும் தூசும் மட்டும், இரும்பு மின்னுவது ஓரத்து இணைப்புகளில். சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்கும் தூய கறுப்பு வேண்டாம், அடர்சாம்பல்தான். டி-34-இல் முழு எஃகுச் சக்கரம் வந்த காலமும் உண்டு, அதற்கு விளிம்பே பூச வேண்டியதில்லை.

கமாண்டரின் முகம், மண்வெட்டியின் மரப்பிடி, இயந்திரத் துப்பாக்கி, விளக்கு, தார்ப்பாய் ஆகியவற்றுக்கு இப்போது தனித்தனி நிறம். தார்ப்பாய்களுக்கு டாங்கியின் நிறத்திலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும் காக்கியோ பழுப்போ கொடுங்கள்.

தூசும் சேறும்

மேசையின் மண் என்ன நிறமோ, காலாட்படை நிற்கும் அடித்தட்டின் மண் என்ன நிறமோ, டாங்கியின் சேறும் அதுவேதான். பச்சை வயல்வெளி மேசையில் பாலைவனத் தூசு படிந்த டாங்கி வந்தால், எவ்வளவு நன்றாகப் பூசியிருந்தாலும் ஒட்டாது.

தூசுக்கு பிக்மென்ட் எனும் நிறப்பொடியைக் கீழ்ப்பாகத்தில் தூரிகையால் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ பிக்மென்ட் ஃபிக்ஸரையோ சொட்டு சொட்டாக விடுங்கள். சேற்றுக்கு அதே பொடியோடு மெல்லிய மணலும் மேட் மீடியமும் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் கலவையும்) கலந்து, சக்கர இடுக்கிலும் மட்கார்டின் அடியிலும் அப்புங்கள். ஈரச் சேறு அடர்நிறம், காய்ந்த சேறு வெளிர்நிறம். இரண்டும் கலந்து இருந்தால் நிஜமாக இருக்கும். டரட்டுக்கு மேல் சேறு கூடாது. கையால் பிடிக்கும் இடமும் அதுதான், பொடி அங்கே நிற்காது.

வார்னிஷும் சேமிப்பும்

முதலில் ஒரு பளபளப்பு வார்னிஷ் உறுதிக்கு, அது காய்ந்ததும் மேட் வார்னிஷ். மேட் பூச்சின் கீழ் பிக்மென்ட் கொஞ்சம் மங்கும் என்பதால், தூசைத் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே வைத்திருங்கள். ஈரப்பதமான நாளில் மேட் ஸ்பிரே அடித்தால் வெள்ளைப் படலம் படியும். அப்படி ஆனால் பளபளப்பு வார்னிஷை ஒரு கை அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடி விளக்குகளுக்கும் பெரிஸ்கோப்புக்கும் கடைசியாக ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ்.

அடியில் காந்தத் தாள் ஒட்டித் தகரப் பெட்டியில் நிறுத்தினால் வண்டிப் பயணத்திலும் நகராது. நுரைப் பெட்டி வேண்டாம், விளிம்புகளின் வண்ணத்தைத் தேய்த்துவிடும். அடித்தகட்டில் டாங்கியின் வகையையும் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் எழுதிவிடுங்கள். ஒரே மாதிரி டி-34 எதிரெதிராக ஆறு நிற்கும் ஆட்டத்தில் எது யாருடையது என்ற தகராறு வராது. டாங்கி அடிபட்டால் காந்த டரட்டைக் கொஞ்சம் தூக்கிக் கோணலாக வைத்து, கறுப்பு ஸ்பிரே அடித்த பஞ்சை மேலே சொருகலாம், தனியாக உடைந்த டாங்கி செய்ய வேண்டியதில்லை.